உ என்ற முதல் வரி

நேற்று, முன்பின் தெரியாத ஒருவர் நான் எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று இணையத்தில் விட்டிருக்கும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்புக்கு, எங்கள் பாஷையில் லைப்ரரிக்கு, ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். சோதனைக் கோப்பின் முதல் வரியில் "உ" என்று ஓர் எழுத்து கிடக்கிறது, அதற்குப் பொருள் இருப்பதாகத் தெரியவில்லை, எடுத்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். பொருள் இல்லையாம்! கொழும்பு வெள்ளவத்தையில் என் அறை யன்னலுக்கு வெளியே ரயில் கடந்து முடியும்வரை அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அங்கே போட வைத்தவர் கொட்டாஞ்சேனை அன்ரி.

அன்ரி எனக்குச் சொந்தமில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்த ஓர் இலவசக் கண் மருந்தகத்தின் பதிவு மேசைக்காரர். யாழ்ப்பாணத்தவர், நெற்றி நிறையத் திருநீறு, மூக்கு நுனியில் கண்ணாடி. கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களின் பட்டியலை அவர்தான் ஒரு பழைய மடிக்கணினியில் தட்டுவார். மின்சாரம் நின்றால் கணினியும் நிற்கும், தட்டியதெல்லாம் போய்விடும். பெரிய தரவுத்தளம் எதுவும் அதில் ஓடாது. அதற்காகத்தான் அந்த லைப்ரரியை எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஒரே வேலை: பட்டியலில் ஒரு பெயர் சேர்ந்ததும் அதை உடனே வன்தட்டில் எழுதிவிடும், மறுபடி திறக்கும்போது அப்படியே எடுத்துத் தரும். இருநூறு வரிகூட இல்லை, ஆனால் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. "லைப்ரரி எண்டுறாய், ஒரு புத்தகத்தையும் காணேல்லையே பிள்ளை" என்று அன்ரி பகிடி விட்டார்.

பல மாதங்கள் ஒரு முறைப்பாடும் இல்லை. பிறகு மகளுக்குக் குழந்தை பிறந்ததென்று அன்ரி ஒரு கிழமை லீவில் நின்றார். அந்தக் கிழமை புதிய பட்டியலைத் தட்டியவர், அங்கே மருந்து கொடுக்கும் முஸ்லிம் அண்ணர்; எல்லோருக்கும் அவர் "நானா". சத்திரசிகிச்சை நாள் வந்தபோது அன்ரி திரும்பியிருந்தார். அன்று காலை கொச்சிக்கடையிலிருந்து ஒரு பெரியவர் பையோடு வந்து நின்றார். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் சாக்குத் தைக்கிறவர். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதும் மங்கி, ஊசி கோக்க முடியாமல், வேலையும் போகும் நிலை. பட்டியலில் அவர் பெயர் இல்லை. "நான்தான் மொத ஆளு மிஸ். கதவு தொறக்க முந்தியே வந்து நின்னேன்" என்றார். நானாவும் விடவில்லை. "வல்லாஹி, நான்தானே அவர்ட பேர அடிச்ச. திரையில கண்ணால கண்ட" என்று சத்தியம் செய்தார். பட்டியலில் இல்லாதவரை எடுக்க முடியாது, பன்னிரண்டு மணிக்குள் சரியான பட்டியல் வந்தால் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரி டொக்டர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அடுத்த முறை எப்போதென்று யாருக்கும் தெரியாது.

அன்ரி கூப்பிட்டார். காலி வீதி என்கிற கொழும்புப் பெருந்தெருவின் நெரிசலில் வெந்து, எரிச்சலோடு போய்ச் சேர்ந்தேன். என் லைப்ரரி பிழை விடாது, நானாதான் மறந்திருப்பார், பெயரை இப்போது சேர்த்துவிட்டால் விஷயம் முடிந்தது என்றேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. அன்ரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இப்ப சேர்த்தா, நான் இரக்கப்பட்டுச் சேர்த்த பேராப் போயிடும். அந்த மனுசன் பொய் சொல்லேல்லை. நானாவும் பொய் சொல்லேல்லை. அப்ப பொய் சொல்லுறது உன்ரை சாமான்தான். கண்டுபிடி. அதுவரைக்கும் நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன்."

மேலிருந்து கீழாக மூன்று தரம் வாசித்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. பெரியவர் சுவரோர வாங்கில் உட்கார்ந்து பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, சத்தம் வரும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று. "உங்கடை பட்டியல் ஒண்டிலையும் முதல் ஆள் துலையேல்லையே அன்ரி!" என்று வெடித்தேன்.

"ஆள் துலையேல்லை. உ தான் துலையுறது."

"எந்த உ?"

"பிள்ளையார் சுழி போடாமல் ஆரும் எழுதத் தொடங்குவினமோ? ஒவ்வொரு பட்டியலிலும் முதல் அதைத்தான் அடிக்கிறனான். அடுத்த நாள் திறந்தா இராது. அது பேரில்லை எண்டு கொம்பியூட்டருக்கு விளங்கியிட்டுதாக்கும் எண்டு விட்டிட்டன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானா வாயால் பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு நேரே முதல் பெயரை அடித்திருக்கிறார். வன்தட்டில் இருந்த கோப்பைத் திறந்தேன். அவர் பட்டியல் ஒன்றாம் இலக்கத்தில் தொடங்கியது. கணினி எண்ணத் தொடங்குவதோ சைபரிலிருந்து. அந்தச் சைபர் வரியைக் காணவில்லை. "இடத்தின் இலக்கம் இருந்தால் எழுது" என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன். ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்த இடத்தில் சைபர் என்றால் இல்லை என்று பொருள். முதலில் வந்தவரை என் லைப்ரரி ஒருநாளும் எழுதியதே இல்லை. இத்தனை மாதமும் அன்ரியின் பிள்ளையார் அந்த இடத்தில் நின்று என் பிழையை மறைத்திருக்கிறார்.

விளங்கப்படுத்தியபோது அன்ரி முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, பிள்ளையாரையே விழுங்கிப்போட்டுதே!" பிறகு பெரியவர் இருந்த வாங்குப் பக்கம் கையைக் காட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. "சைபர் எண்டா ஒண்டுமில்லையோ பிள்ளை? அந்த இடத்திலை ஒரு மனுசன் நிக்கிறார்."

ஒரு வரியைத் திருத்தினேன். அன்ரி நம்பவில்லை. புதிதாக ஒரு பட்டியல் திறந்து, "உ" அடித்து, கணினியை அணைத்துத் திரும்பப் போடச் சொன்னார். உ அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் பெரியவரின் பெயரைச் சைபராம் இடத்தில் தானே அடித்தார், டொக்டருக்கு அழைத்து என் பிழையை ஒளிக்காமல் சொன்னார், பெரியவரை ஓட்டோவில் ஏற்றித் தானும் ஏறினார். பன்னிரண்டுக்குச் சற்று முன்னர் போய்ச் சேர்ந்தார்களாம். முதலில் பதிந்தவருக்குக் கடைசியாகச் செய்தார்கள். சில கிழமைகள் கழித்து அவர் மருந்தகத்துக்கு வந்து, அன்ரியின் மேசைக்கு முன்னால் நின்று ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். நான் வெட்கம் கெட்டு அழுதேன்.

அன்ரி போன வருடம் காலமானார். அந்த லைப்ரரியை இப்போது எந்தெந்த ஊர்க்காரரோ பாவிக்கிறார்கள். நான் என்ன மாற்றம் செய்தாலும் முதலில் ஓடுவது அந்த ஒற்றை எழுத்துச் சோதனைதான்: உ வன்தட்டுக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் வேறெதுவும் ஓடாது.

திருத்தம் அனுப்பியவருக்கு, எடுக்க முடியாது என்று பதில் எழுதினேன். ஏன் என்று கேட்பார் அல்லவா? அன்ரி சொன்னதையே ஆங்கிலத்தில் கீழே போட்டேன்: அந்த இடத்தில் ஒரு மனிதர் நிற்கிறார்.