பத்தொன்பது கிணறுகளும் ஒரு சார்ட்டும்

சென்னையில் நடக்கும் மாநாட்டுக்கு முதல்முறையாக ஆராய்ச்சி போஸ்டர் கொண்டுபோகிறேன், என்ன கவனிக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். இப்போது கணினியில் செய்து அரை மணியில் அச்சடித்துவிடுகிறீர்கள், கொடுத்து வைத்தவர்கள்! நான் போனது எழுபதுகளின் கடைசியில். அந்தக் கதையையே சொல்கிறேன்.

கடலோரக் கிராமங்களில் பத்தொன்பது கிணற்றுத் தண்ணீரின் உப்பை அளந்திருந்தேன். கடலை விட்டுத் தள்ளிப் போகப் போக உப்பு குறையும். ஒரே ஒரு கிணறு மட்டும் கடலை ஒட்டி இருந்தும் நல்ல தண்ணீர். மேடையில் பேச வேண்டாம், நான்கடிக்கு மூன்றடி போஸ்டராகக் கொண்டுவாருங்கள் என்று மாநாடு நடக்கவிருந்த அடையாறிலிருந்து கடிதம் வந்தது. மதுரையில் எங்கள் கல்லூரியில் யாரும் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. சினிமா போஸ்டர் மாதிரியா என்று கேட்டார் எங்கள் துறைத் தலைவர். சத்தியமாக எனக்கும் தெரியாது.

மாநாட்டுக்கு முந்தின நாள் காலை 6.20க்கு எழும்பூர். மயிலாப்பூரில் சித்தி வீட்டுக்கு பஸ்ஸில் முப்பது காசு. தி. நகர் பனகல் பார்க் பக்கம் தடித்த சார்ட் வாங்கிக்கொண்டு, மயிலாப்பூர் லஸ் முனைக்குப் பின்னால் கடைப் பலகை எழுதும் மாணிக்கத்திடம் போனேன். என் கிராஃப் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதினைந்து ரூபாய், ஆறு மணிக்கு வா என்றார்.

ஆறு மணிக்குப் பார்த்து அசந்துபோனேன். ஸ்கேல் வைக்காமல் எழுதிய எழுத்து, ஒன்றுகூடக் கோணவில்லை. எனாமல் பெயிண்டின் ஈரம் காயாததால் சுருட்டாமல் இரண்டு தெரு தூக்கிக்கொண்டு நடந்தேன். பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் புள்ளிகளை எண்ணினேன். பத்தொன்பதும் இருந்தன. பத்தொன்பதும் கோட்டின் மேலேயே இருந்தன, அந்த நல்ல தண்ணீர்க் கிணறும்கூட! பத்து மணிக்குக் காட்சி. இதை இப்படியே மாட்டினால் நான் பொய்க்காரி. சார்ட்டோடு ஓடினேன்.

மாணிக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார். "பதினெட்டு புள்ளி ஒயுங்கா கீது, ஒண்ணு மட்டும் கீய தனியா கெடந்துச்சி. நீ கை தவறி வெச்சிட்டன்னு நான்தான் மேல இஸ்து உட்டேன்மா" என்றார்.

"அந்தக் கிணறு அப்படித்தாண்ணே. நானே குடிச்சுப் பாத்திருக்கேன்."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். பழைய புள்ளியை வெள்ளை அடித்து மறைத்தார், என் தாளை மூன்று முறை அளந்து சரியான இடத்தில் புதிதாக வைத்தார். ஈரச் சார்ட்டை பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் விடவில்லை. மாணிக்கமும் கூட வர, ஆட்டோ பிடித்தோம், ஐந்து கிலோமீட்டர், மூன்றரை ரூபாய். அடையாறு பாலத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. முதுகை வெளிப்பக்கம் காட்டி அணைபோல உட்கார்ந்து வந்தார் மனிதர். 9.50க்குப் போய்ச் சேர்ந்தோம்.

போஸ்டர்களைப் பார்க்க வந்த வழுக்கைத் தலைப் பொறியாளர் ஒருவர் நேராக அந்த வெள்ளைத் திட்டில் விரல் வைத்தார். புள்ளியை நகர்த்தியிருக்கிறாயா என்று கேட்டார். நான் கைப்பையில் என் கிராஃப் தாளைத் தேடினேன்.

பின்னாலிருந்து மாணிக்கம், "நவுத்துனது நான் சார். முன்னாடிதான் தப்பா இருந்துச்சி. இப்ப சரியா கீது" என்றார்.

மூலத் தாளை நீட்டினேன். அளந்து பார்த்தவர், மற்ற பதினெட்டையும் விட்டுவிட்டு அந்த ஒரு கிணற்றைப் பற்றியே முக்கால் மணி நேரம் கேட்டார். மணல்மேடு உண்டா, எவ்வளவு ஆழம் என்று என்னைத் துளைத்தெடுத்தார். என் அடுத்த மூன்று வருட ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது.

ஆகவே மாணவியே, போஸ்டரை இரண்டு நாள் முன்பே முடித்துவிடு. எழுத்தின் அழகில் மயங்காமல் புள்ளிகளை முதலில் எண்ணு, பிறகு ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார். மூலத் தாள் கைப்பையிலேயே இருக்கட்டும். அடையாறு பாலத்துக் காற்று இன்றும் அப்படியேதான் அடிக்கிறது.

அன்று மாநாட்டிலிருந்து கிளம்பும்போது மாணிக்கம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில். ஆறு மாதம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடை வாசலிலேயே நின்று, நிதானமாக முழுவதையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"புள்ளி கரீக்டான எடத்துலதாம்மா கீது" என்றார்.