மாமர நிழலில் சுட்ட இருக்கை

டீசல் வானா, பெற்றோல் வானா? ஐந்து வாரமாகிவிட்டது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

என் கணவர் நாதஸ்வரம் வாசிப்பவர். அவருடைய அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், தவில். அளவெட்டியில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடாக இருக்கிறோம். திருவிழாக் காலத்தில் மேளக் குழுவின் ஐந்து பேரும் இரண்டு தவிலும் கோயில் கோயிலாகப் போகவேண்டும். இதுவரை வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில்தான் போனார்கள். எங்கள் மகளுக்கு நான்கு வயது. அவளுக்கு இழுப்பு உண்டு. மூச்சு முட்டினால் மோட்டார் சைக்கிளில் எங்கள் நடுவில் இருத்தி, எதிர்க்காற்றில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். ஒரு பழைய வான் இருந்தால் இரண்டுக்கும் உதவும் என்று நினைத்தோம்.

படித்தவள் என்று விசாரிக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். டீசல் பாரம் இழுக்கும், ஒரு லீற்றருக்குக் கூடுதல் தூரம் ஓடும். பெற்றோலுக்குப் புகை குறைவு. இவ்வளவையும் கொப்பியில் எழுதிவைத்தேன். காலையில் ஒன்று சரியாகப்படும், மாலையில் மற்றது.

முதலில் பார்த்தது பெற்றோல் வான். சத்தமே இல்லை. ஆனால் சின்னது. அத்தான் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளை தவிலை வைச்சால் என்னைக் கயிறு போட்டு மேலை கட்டவேணும்" என்றார். அதோடு அது முடிந்தது.

டீசல் வான் தெல்லிப்பழையில் ஒரு வீட்டு மாமரத்தின் கீழ் நின்றது. இரண்டு நாளாக ஸ்டாட் பண்ணவில்லை என்றார் வீட்டுக்காரர். மகளை முன் இருக்கையில் ஏற்றி இருத்தினேன்.

"அம்மா, சீற் சுடுது."

அந்த வகை வானில் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழேதான் இருக்கும். கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. வெயில் என்று சொல்ல முடியாது, மரத்தின் நிழல் முழுவதும் அதன்மேல்தான் இருந்தது. அதற்குள் வீட்டுக்காரர் திறப்பைப் போட்டுத் திருப்பினார். ஒரே தடவையில் பிடித்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுருதி பார்க்கும்போதும் அப்படித்தான் நிற்பார். அத்தான் கதவில் விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஒரு பிசகில்லை. எங்கடை ஆளைவிட நல்லாத் தாளத்திலை நிக்குது."

"தட்டுற ஆள் சரியா இருந்தால் நானும் நிப்பன், அண்ணை."

இருவரும் சிரித்தார்கள். நான் மகளை இறக்கித் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு பேரின் காதுக்கு மேலே என் கையை நம்பலாமா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் சமைக்கும்போது இருக்கை சுட்டதைக் கணவரிடம் சொன்னேன்.

"அப்ப நாங்கள் கேட்டது சூடாக்கி வைச்ச எஞ்சினையோ? அங்கையே ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் ரெண்டு பேரும் காது குடுத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

சனிக்கிழமை காலை வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் போனோம். எஞ்சின் குளிர்ந்திருந்தது. நான்காவது தடவைதான் பிடித்தது. வெள்ளைப் புகை வாசல் படலை வரைக்கும் போனது. மகள் இருமினாள். அந்தக் கிழமை அவளுக்கு மூக்கு ஒழுகித் தடிமனும் இருந்தது, அதனால் எதற்கு இருமினாள் என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. சில நிமிடத்தில் புகை அடங்கிவிட்டது.

வீட்டுக்காரர் கோபப்படவில்லை. "பழைய டீசல், காலமை கொஞ்சம் இருமும் தங்கச்சி. ஆக்கள் புகையைக் கண்டு பயப்படுகினம், அதுதான் முதலே சூடாக்கி வைக்கிறன்" என்றார்.

சூடாக்கும் பிளக்குகளை மாற்றினால் புகை நின்றுவிடும் என்கிறார் கணவர். ஓடும்போது புகை பின்னால், பிள்ளை உள்ளுக்குள் என்றும் சொல்கிறார். அது சரிதான். ஆனால் திருவிழா நாட்களில் விடிய முன் வானை எடுப்பார்கள். எங்கள் வளவில் வான் நிற்க ஒரே இடம்தான் உண்டு. மகள் படுக்கும் அறையின் யன்னல் அந்தப் பக்கம். பெற்றோல் வானை வாங்கினால் யன்னலைத் திறந்து வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் இன்னொரு வான் பிடிக்கவேண்டும். அப்போது எதற்கு வாங்கினோம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும். இழுப்புள்ள பிள்ளையோடு பழைய டீசல் வான் வைத்திருப்பவர்கள் யாரும் இதை வாசித்தால் எழுதுங்கள். பிளக்கை மாற்றிய பிறகு காலைப் புகை உண்மையாகவே நின்றதா? வானை வளவுக்கு வெளியே ஒழுங்கையில் விட்டு எடுத்தால் போதுமா? பிள்ளைக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.