முன்கூட்டியே அடித்த முகங்கள்

ப்ளெக்ஸ் பேனருக்கு ஒரு வாடை உண்டு. அடித்த சூட்டோடு சுருட்டிக் கொண்டுவந்து வெயிலில் விரித்தால், மண்ணெண்ணெயும் ரப்பரும் சேர்ந்து வெந்ததுபோல் எழும்பி அடிவயிற்றைப் பிரட்டும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் எங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாலும் அந்த வாடைதான். இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. வாடையால் மட்டும் என்று சொன்னால் பொய்.

நான் இருப்பது ராஜபாளையம். படித்தது ஸ்ரீவில்லிபுத்தூர், அரை மணி நேர பஸ். வசன கவிதை எழுதுகிறவன் என்பது பழைய பள்ளிக்கூடத்துக்கு எப்படியோ தெரிந்துபோக, ஆண்டு மலருக்கு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. ஓய்வு பெறும் ஆசிரியர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம், முதல் மூன்று இடம் வந்த பிள்ளைகளுக்கு அரை அரைப் பக்கம். ஆசையாகத்தான் ஆரம்பித்தேன். இயற்பியல் டீச்சருக்குக் கோபம் வந்தால் கையிலிருக்கும் சாக்பீஸைக் கடித்துவிடுவார். உதட்டில் வெள்ளை ஒட்டியிருக்க அப்படியே அடுத்த வகுப்புக்குப் போவார். அந்த உதட்டுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மலரில் நான் எழுதியதோ 'அன்பின் வற்றாத ஊற்று'. தலைமை ஆசிரியர் போனில் கூப்பிட்டுக் கண் கலங்கிவிட்டது என்றார். அதோடு நான் கெட்டுப்போனேன். பின்னால் வந்த ஆசிரியர்கள் எல்லாரும் ஊற்று, இல்லையென்றால் விளக்கு. முதல் மார்க் எடுத்த பெண்பிள்ளைகள் எல்லாரும் அமைதியான ஆறு.

இதில் ஒரு வழக்கம் இருக்கிறது. ரிசல்ட் அன்றைக்கு எந்த ப்ளெக்ஸ் கடையிலும் மிஷின் கிடைக்காது. அதனால் முதல் மூன்று பேர் யார் என்பதைப் பள்ளிக்கூடமே இரண்டு நாள் முன்னால் முடிவு செய்து முகங்களை அடித்துவிடும். மார்க் வரவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். ரிசல்ட் வந்ததும் எண்களை ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டிவிட்டால் பத்து மணிக்குள் வாசலில் தொங்கவிடலாம். பெரும்பாலும் தப்பாது. மலரும் அப்படித்தான். போன ஆண்டு ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே முதல் மாணவியைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தாயிற்று. கணக்கு வாத்தியாரின் மகள். அவளை நான் பார்த்ததுகூட இல்லை.

ரிசல்ட் அன்று காலை மலருக்கு ப்ரூப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். சீக்கிரமே போய்விட்டேன். பள்ளிக்கூடத்தின் பின்னால், கழிப்பறைச் சுவரைத் தாண்டினால் விவசாய சாரின் பாத்திகள். தொழிற்பிரிவில் வேளாண்மை எடுத்த பிள்ளைகளுக்கு அவர்தான் வாத்தியார். ரப்பர் செருப்பு, முழங்கால்வரை சுருட்டிய பேன்ட், சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் கத்தரி விதைப் பொட்டலம். வேப்பம் புண்ணாக்கு வாடையோடு வருகிறார் என்று ஆசிரியர் அறையில் அவருக்கு ஜன்னலோரத்தில்தான் நாற்காலி. மற்ற பிரிவுகள் தள்ளிவிட்ட பிள்ளைகளை வாங்கி, 'மண்ண மோந்து பாருங்கடா' என்று முதல் பாடத்தை ஆரம்பிப்பார். குப்பை மக்க வைக்கும் குழியைப் பழைய ப்ளெக்ஸ்களால் மூடி வைத்திருப்பார். முந்தைய ஆண்டுகளின் முதல் மாணவர்கள் கன்னத்தில் மழைத்தண்ணீர் தேங்க அங்கே மல்லாந்து கிடப்பார்கள்.

அன்று அவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாருங்க சார். நம்ம சுந்தரபாண்டியம் ஊர்ப் பிள்ள. வாத்தியார் மகள விட மூணு மார்க் கூட. ஸ்கூல் பர்ஸ்ட்டு சார் அவ."

"விவசாய குரூப்பா?" என்றேன்.

"ஏன் சார், விவசாய குரூப்புக்கு மார்க் போடமாட்டாகளா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மெதுவாக மீதியைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு வேளாண்மைக் கல்லூரியில் சேர வேண்டும். அப்பா கான்சாபுரம் பக்கம் தோப்புகளில் தினக்கூலி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் மகளைச் சேர்க்கப் பேசி முடித்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். சார் வீடு தேடிப் போய்க் கெஞ்சியதற்கு அந்த மனிதர் கொடுத்த வாக்கு ஒன்றுதான்: "பள்ளிக்கூட வாசல்ல இவ மூஞ்சி தொங்கட்டும் சார். நான் காலேஜுக்கு அனுப்புதேன்." மார்க் அவருக்குப் புரியாது. வாசலில் தொங்கும் முகம் புரியும்.

இருவரும் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனோம். தாளாளரும் இருந்தார். மேசையில் கேசரி.

"வொகேஷனல பர்ஸ்ட் மார்க்குல சேக்குறது இல்ல," என்றார் தலைமை ஆசிரியர்.

"எப்பருந்து சார்?" என்றார் விவசாய சார்.

"போர்டு அடிச்சதுலருந்து," என்றார் தாளாளர், கேசரியை விழுங்கிக்கொண்டே. "அடிச்ச மூஞ்சிய அழிக்கவா சொல்லுதீரு? சயின்ஸ் குரூப்புன்னு ஓரத்துல ஒரு ஸ்டிக்கர ஒட்டிவிட்டா முடிஞ்சுபோச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார் எழுதினதும் ப்ரூப்பா வந்திருச்சு. எம்புட்டு அழகா எழுதியிருக்காரு, அமைதியான ஆறுன்னு."

நெய் மின்னிய அந்த உதடுகளைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. என் கையிலும் ஒரு தட்டு இருந்தது. தின்றேன்.

வாசலில் போர்டு ஏறியது. மூன்று முகங்கள், ஆளுயரம். கணக்கு வாத்தியார் மகளை அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. 'செத்த நேரம் சிரிம்மா' என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

பதினொரு மணி வாக்கில் மொபெட்டில் அப்பாவும் மகளும் வந்தார்கள். அவர் வண்டியை விட்டு இறங்காமலே போர்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"ஏட்டி, ஒம் மூஞ்சி எங்க?"

"நான்தான்ப்பா கூட எடுத்திருக்கேன். போன்ல பாருங்க."

"போன்ல கெடக்கட்டும். வாசல்ல எங்க?"

அவர் கோபப்படவில்லை, மகள்மேல் இரக்கப்பட்டதுபோல்தான் கேட்டார்: "பள்ளிக்கூடத்துக்காரவிய பொய் சொல்லுவாவளா?"

அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நான் அங்கே நின்றேன். வண்டியை அவர் திருப்பும்போது விவசாய சார் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, போர்டு இன்னும் பாக்கி இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க."

பாக்கி ஒன்றும் இல்லை. அடுத்த பஸ்ஸில் இருவரும் ராஜபாளையம் போனோம். எனக்குத் தெரிந்த ப்ளெக்ஸ் கடை. உள்ளே எட்டுப் பள்ளிக்கூடத்து ஆட்கள் நின்றார்கள்.

"ஆறு மணி வரைக்கும் மிஷின் நிக்காது சார்," என்றார் கடைக்கார பாய். விவசாய சார் திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்தது ஒரு காதுகுத்து பேனர் போவப்போகுது. ரோல் ஓரத்துல ஒண்ணரை அடி வீணாத்தான் வெட்டி எறிவேன். அதுல பிள்ளைய ஏத்திருவோம். ஒல்லியாத்தான் வரும், பரவால்லையா?"

"பிள்ளையே ஒல்லிதான் பாய்."

வந்தது. பள்ளிச் சீருடையில் அவள் முகம், மார்க், 'பள்ளியில் முதலிடம்'. ஓரத்தில் காதுகுத்து பேனரின் மயிலிறகு ஒன்று தப்பி வந்து ஒட்டியிருந்தது. வெட்ட நேரமில்லை. பள்ளிக்கூடச் சுவரில் கட்டக்கூடாது என்று வாட்ச்மேன் மறித்ததால், வாசலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தில் கட்டினோம். சார்தான் ஏறினார், ரப்பர் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு.

ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். அப்பா இந்தமுறை இறங்கினார். மரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"மத்தவிய எல்லாம் அம்புட்டுப் பெருசா இருக்காவ. இவ மட்டும் என்ன சார் இம்புட்டுப் போல?"

விவசாய சார் மூச்சுகூட விடாமல் சொன்னார்: "அது ரிசல்ட்டுக்கு முன்னாடி அடிச்சது அண்ணாச்சி. இது ரிசல்ட்டுக்குப் பொறவு அடிச்சது."

அவர் அதை யோசித்தார். பேனரின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். மயிலிறகையும் தடவினார்.

"அப்ப திங்கக்கெழம கம்பெனிக்கு வரலன்னு சொல்லிப்போடுதேன்."

அந்தப் பெண் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "மலர்ல எழுதுறது நீங்கதானா சார்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. உன்னைப் பத்தியும் எழுதறேன்."

"ஆறுன்னு எழுதாதீங்க சார். போன வருசத்து அக்காவுக்கும் அதுக்கு முந்துன அக்காவுக்கும் அதத்தான் போட்டிருந்தீங்க."

விவசாய சார் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அப்பா அதற்குள் மரத்திலிருந்து முகத்தை அவிழ்த்துச் சுருட்டி மொபெட்டில் காலிடுக்கில் வைத்துவிட்டார். "ராத்திரி எவனாவது கிழிச்சிருவான்," என்றார்.

அவளைப் பற்றி எழுதினேன். ஊற்றும் ஆறும் இல்லாமல், பேண்டேஜ் கம்பெனியும் திங்கட்கிழமையும் மயிலிறகும் அப்படியே. இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மலர் வழவழப்பான தாளில் வந்தது. கணக்கு வாத்தியார் மகளின் படத்துக்குக் கீழே என் அமைதியான ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் புதிய அட்மிஷன் போர்டுக்காகப் பழையது இறங்கியது. குப்பைக் குழிக்கு மேல் விரிக்க நானும் ஒரு முனையைப் பிடித்தேன். அந்த மூன்று பிள்ளைகளும் ஒரு பாவமும் செய்யாதவர்கள். முகங்களைக் குப்புறப் போடச் சொன்னேன். மூடுவதற்கு முன் மலரில் என் பக்கத்தைக் கிழித்து உள்ளே எறிந்தேன்.

விவசாய சார் எட்டிப் பார்த்தார். "அது வழவழ பேப்பர் சார். மக்காது. எடுத்துருங்க."

குனிந்து எடுத்தேன். வீடு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டும் கை நாறியது.