பிரின்சிபாலும் நானும் ஒரு லைப்ரரி அறையும்

பள்ளிக்கூட லைப்ரேரியனுக்குச் சம்பளம் தருவது புத்தகங்களைக் காப்பாற்றத்தான். ஆனால் பாதி நாள் போவது, அந்தப் புத்தகங்கள் இருக்கும் அறையைப் பிரின்சிபாலிடமிருந்து காப்பாற்றுவதில். சாவிக்கொத்தும் பதிவேடுமாக எங்கேயோ உட்கார்ந்திருக்கும் என் சக லைப்ரேரியன்களே, உங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

நான் இருப்பது மாநில எல்லையில், வேலந்தாவளம் பக்கம், தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பள்ளிக்கூடம். பிரின்சிபால் ஸ்ரீதரன் சார் ஒற்றப்பாலத்துக்காரர், கணக்கு வாத்தியார். தமிழ் ஒரு மாதிரி பேசுவார், படிக்க வராது.

நாப்பது பேர்

சார் பொறுப்பேற்ற அன்றே லைப்ரரிக்கு வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க எத்தன குட்டிகள் உக்காரலாம்?" என்று கேட்டார். "நெருக்கி உக்காந்தா நாப்பது பேருங்க சார்" என்றேன் பெருமையாக. வாசிப்புக்கென்று தனி பீரியட் வைக்கப்போகிறார் என்று வீட்டில் போய்ச் சொல்லிப் பாயசம்கூட வைத்தேன்.

மறுநாள் காலை எட்டாம் வகுப்பு வரிசையாக வந்து இறங்கியது. அவர்களுடைய டீச்சர் லீவாம். அடுத்த பீரியடில் ஒன்பதாம் வகுப்பு. ஒரே வாரத்தில், வாத்தியார் இல்லாத வகுப்பெல்லாம் வந்து சேரும் இடமாகிவிட்டது என் லைப்ரரி. இன்னொரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்த பியூன் மாரியப்பண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் டீச்சர், இருவதுன்னு சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

மூணு பக்க மனு

கோபத்தில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாசிப்பின் அருமை, பிள்ளைகளின் எதிர்காலம், என் மனவேதனை எல்லாம் அதில் இருந்தது. பத்து நாளாகியும் பதிலில்லை. அப்புறம்தான் உறைத்தது, எழுதியது தமிழில்.

நேரிலேயே போனேன். மேசைமேல் என் மனு. அதன்மேல் டீ கிளாஸ். முதல் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "கணக்கில நான் முதல்ல விடையத்தான் பாப்பேன். என்ன வேணும், ஒரு வரியில சொல்லு டீச்சரே" என்றார். "செவ்வாயும் வியாழனும் வேற கிளாஸ் அனுப்பக் கூடாதுங்க சார்." அவர் அங்கேயே டைம்டேபிளைத் திருத்திவிட்டுக் கேட்டார்: "இதுக்கா மூணு பக்கம்?"

பூட்டு

தப்பு என் பக்கமும் இருந்தது. புதுப் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன், பிள்ளைகள் கை பட்டால் அழுக்காகிவிடுமே என்று. ஒரு செவ்வாய்க்கிழமை சார் வந்து, திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றில்கூட யாருக்கும் கொடுத்த தேதி இல்லை. அன்றோடு பூட்டை எடுத்துவிட்டேன். சிரிக்காமல் அவர் கேட்டது அப்படி: "டீச்சரே, இது லைப்ரரியோ, ஜெயிலோ?"

ஒரே ஒரு 'க'

ஒரு நாள் மதியம் சார் தயங்கித் தயங்கி வந்து, "சின்னதா ஒரு தமிழ்ப் புத்தகம் வேணும், அக்கா மகளுக்கு" என்றார். பெரிய எழுத்தில் ஒரு படக்கதை கொடுத்தேன். அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. தினமும் சாப்பாட்டு இடைவேளையில் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தானே எழுத்துக் கூட்டினார். அந்த அக்கா மகள் யாரென்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

'காகம்' அவரைப் படாதபாடு படுத்தியது. மலையாளத்தில் நாலு சத்தத்துக்கு நாலு எழுத்து. தமிழில் எல்லாத்துக்கும் ஒரே 'க'. எங்கே எந்தச் சத்தமென்று எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இலக்கணத்தையெல்லாம் சொல்லி அவரை இன்னும் குழப்பினேன். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த ஐந்தாம் வகுப்புக் கவிதா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "எழுத்தப் பாக்காதீங்க சார், பேசற மாதிரியே படிங்க."

பெற்றோர் கூட்டம்

கம்ப்யூட்டர்கள் வந்தன; வைக்க இடமில்லை. லைப்ரரியைக் காலி பண்ணலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தது. நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம் பார்க்கும் ராமசாமி என்பவர்தான் ஆரம்பித்தார். பலபேர் தலையாட்டினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சார் எழுந்து சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தமிழில் அவரே எழுதியது. தட்டித் தடுமாறிப் படித்தார்: "அந்த அறையில் பிள்ளைகள் படிக்கிறார்கள். நானும் படிக்கிறேன். இதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர்களுக்கு என் அறையை எடுத்துக்கொள்ளுங்கள்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராமசாமிதான் மெதுவாக எழுந்தார். "செரிங்க சார், லைப்ரரி அங்கயே இருக்கட்டும். ஆனா நீங்க எங்கீங்க போயி உக்காருவீங்க?"

பிரின்சிபாலும் லைப்ரேரியனும் ஒத்துப்போகிறார்கள் என்று மேலே தெரிந்தால் உடனே ஒருவருக்கு டிரான்ஸ்பர் வந்துவிடும் என்பதால், அதிகாரிகள் வருகிற நாட்களில் மட்டும் நாங்கள் இருவரும் இன்னமும் முறைத்துக்கொள்கிறோம்.