பாட்டுக்காரர் இறந்த மறுநாள்

என் அம்மா சாவு வீட்டில் அழுவதற்குப் பேர்போனவள். இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, குறையாகச் சொல்கிறேனா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரத் தெருவானாலும் சரி, குடியானவர் தெருவானாலும் சரி, சாவு என்று காதில் விழுந்தால் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். அடுப்பில் சோறு குழைவதைப் பற்றியும் கவலையில்லை. மகள் நான் பாப்பிரெட்டிப்பட்டியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கும். அன்றைக்கு ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று தெரிந்துகொள்வேன்.

எனக்கு மூக்கின்மேல் கோபம். "அவங்க என்ன உனக்கு ஒறவா, மொறையா?" என்று சண்டைக்குப் போவேன்.

"நமக்கு இந்த ஊருல யாரு இருக்கா? உங்கப்பாரும் போயிட்டாரு. நாளைக்கு நான் போனா நாலு பேரு வந்து அழுவ வேணாமா?" என்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். நகை கேட்டதில்லை, நல்ல புடவை கேட்டதில்லை. நாங்கள் பிழைக்க வந்தவர்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். இருபத்தைந்து வருஷம் அவள் ஊரார் வீட்டுப் பிணங்களுக்கெல்லாம் மாரடித்து அழுதது, தனக்கு ஒரு நாள் அது திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் அவள் படுத்த படுக்கையாகி மூன்று மாதம் ஆன சமயத்தில், எங்கள் பக்கத்தின் பெரிய நாடகப் பாடகர் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற தொண்டை அவருடையது. ஈஸ்டருக்கு முன்னால் எங்கள் கோவில் திடலில் ஏசுவின் பாடுகளை விடிய விடிய நாடகமாகப் போடுவார்கள். அதில் மாதா வேஷம் அவருக்குத்தான். அவர் இந்து, குடியானவர் வீட்டுப் பிள்ளை. அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. சிலுவைக்குக் கீழே நின்று அவர் புலம்பிப் பாட ஆரம்பித்தால் நாலு தெரு ஜனமும் சேர்ந்து அழும். எனக்கு மட்டும் அந்தப் பாட்டு ஒத்துவராது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இழுப்பார், இழுப்பார், நான் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தாலும் அதே சொல்லில்தான் நிற்பார். இதைச் சொன்னால் அம்மா என்னோடு இரண்டு நாள் பேசமாட்டாள்.

செய்தி மத்தியானப் பஸ்ஸில் வந்தது. அவர் உடலை அவருடைய சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பெரிய குறை. ஆகவே மறுநாள் அவர் படத்தை வைத்து இங்கேயே ஒரு சாவு ஊர்வலம் நடத்துவது என்று முடிவாயிற்று. கடைகளைச் சாத்திவிட்டார்கள். பஸ் நிற்கிற புளியமரத்தில் கறுப்புக் கொடி. சலூன் வாசலில் இளவட்டங்கள் மொட்டையடித்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தெரிந்த தலைகளில் பாதி எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "என்னையக் கூட்டிட்டுப் போயி அங்க ஒக்கார வையி. ஒரு அழுவை அழுதுட்டு வந்துர்றேன்." "மொதல்ல இந்தக் கஞ்சியக் குடி" என்றேன். குடிக்கவில்லை. மறுநாள் விடிகிற நேரத்தில், நான் வெந்நீர் கொண்டுவருவதற்குள், அவள் போய்விட்டாள்.

அழுகை வரவில்லை. கண்ணை மூடிவிட்டு, தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன். ஊரில் சாமியார், அதாவது பாதிரியார், கிடையாது. கோவிலைப் பார்த்துக்கொள்வதும் ஜெபம் சொல்வதும் உபதேசியார்தான். அவர் உடனே வந்து துக்க மணி அடித்தார். ஆண் என்றால் மும்மூன்றாக அடிப்பார்கள், பெண் என்றால் இரண்டிரண்டாக. அடித்து முடித்ததும் சாமியாரை அழைத்துவரச் சைக்கிளில் கிளம்பிவிட்டார். துக்க மணி கேட்டால் "யாரு, யாரு" என்று கேட்டுக்கொண்டே ஜனம் தெருவுக்கு வந்துவிடும். எனவே நான் போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்று வீட்டைக் கூட்டி, வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்கு யாரும் வரவில்லை. எட்டு மணிக்கும் வரவில்லை. எங்கள் வீடு தெருவுக்கு வெளியே, கரும்புக் காட்டை ஒட்டி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஆட்கள் மெயின் ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு தலைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. பாய்மேல் ஒரு கோழி வந்து உட்கார்ந்தது. விரட்டத் தோன்றவில்லை. இருபத்தைந்து வருஷம் அழுதவளுக்கு ஒருத்திகூட வரமாட்டாளா என்று ஆத்திரமாக வந்தது.

பத்து மணிக்கு உபதேசியார் திரும்பிவந்து, காலியான பாயைப் பார்த்துத் திகைத்து நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ கண்ணு, மணி பாட்டுக்காரருக்கு அடிச்சதுன்னு நெனச்சிட்டாங்களாட்டம் இருக்குது. வர்ற வழியில டீக்கடைகிட்ட பேசிக்கிட்டாங்க. ஆம்பளைக்கு எதுக்கு ரெண்டு ரெண்டா அடிச்சாங்கன்னு ஒருத்தரு கேக்கறாரு. மாதா வேசம் கட்டுனவராச்சே, அதான்னு இன்னொருத்தரு சொல்றாரு. எனக்கு அப்ப வெளங்கல."

இன்னொன்றையும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்கள் கோவிலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே சாவுப் பெட்டிதான். அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய், கல்லறையில் பிணத்தை மட்டும் துணியோடு இறக்கிவிட்டுப் பெட்டியைக் கோவிலுக்கே கொண்டுவந்துவிடுவோம். அந்தப் பெட்டியைப் பாடகரின் படத்துக்காக முந்தின நாளே வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். "சாயங்காலம் குடுத்துர்றோம்னாங்க. நானும் சரின்னுட்டேன். யாருக்கும் ஒண்ணும் இல்லையேன்னு…" என்று இழுத்தார்.

நான் ஓடினேன். மெயின் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. எங்கள் சாவுப் பெட்டி நாலு மொட்டைத் தலைகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அதற்குள் மாலை போட்ட படம். ஒலிபெருக்கியில் அவர் பாடிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நுழைந்ததும் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "நம்மள விட்டுட்டுப் போயிட்டாரே" என்று ஒருத்தி என் தோளில் முட்டினாள். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவர்களெல்லாம் எனக்கு ஆறுதல்தான் சொன்னார்கள், ஆனால் வேறொருத்தருக்காக. அவர்கள் கையை விலக்கிக்கொண்டு முன்னால் போய்ப் பெட்டியைப் பிடித்து நிறுத்தினேன்.

"எங்கம்மா செத்துப்போச்சு. பொட்டியக் குடுங்க."

எங்கள் ஊர்க்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பாட்டை உடனே நிறுத்தினார்கள். படத்தை எடுத்து ஒரு நாற்காலியில் வைத்தார்கள். "ஐயோ, அந்த மகராசியா?" என்று கேட்டுக்கொண்டே அத்தனை கூட்டமும் என் பின்னால் திரும்பி வந்தது. அம்மா கேட்டது நாலு பேர். வந்தது நாலு தெரு. கரும்புக் காட்டு வரப்பில்கூட ஆட்கள் நின்றார்கள். வழியெல்லாம் எனக்கு மனசு நிறைந்துகொண்டே வந்தது. உன் கணக்குத் தப்பவில்லை என்று அவளிடம் சொல்லலாம்போல இருந்தது.

அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். இரண்டு அடி அவளைச் சொல்லி அழுதார்கள். மூன்றாவது அடியில் 'ராசா' வந்துவிட்டது. பிறகு சபையில் நின்ற அழகும் பாடின வாயும் வந்தன. முந்தின நாளிலிருந்து அழுதுகொண்டிருந்த வாய் பழகின தடத்திலேயே போயிற்று. அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டு அந்தப் பாடகருக்காக அழுதார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"நிறுத்துங்க! எங்கம்மாவுக்கு அழுவறதா இருந்தா அழுவுங்க. அந்த ஆளுக்கு அழுவறதா இருந்தா எந்திரிச்சுப் போயிருங்க. இது அவரு வூடு இல்ல."

ஒப்பாரி பட்டென்று நின்றது. யாரும் எழுந்து போகவில்லை. யாரும் அழவும் இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைக் குளிப்பாட்டியதும் தூக்கியதும் அப்படியே நடந்தன. கல்லறைக்குப் போகிற வழியில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து ஜெபம் சொல்லிக் கல்லறையை மந்திரித்துவிட்டு, கிளம்பும்போது என்னிடம், "இத்தனை ஜனம் வந்தும் இவ்வளவு அமைதியா ஒரு அடக்கத்தை நான் பார்த்ததில்லைம்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன். எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் தெருக்கோடி வீட்டு அத்தை ஒரு தூக்குப்போசியில் கஞ்சி கொண்டுவந்தாள். அம்மா வயசுக்காரி, புருஷனையும் மகனையும் பறிகொடுத்தவள். மத்தியானம் நான் போட்ட சத்தத்தில் முதலில் வாயைப் பொத்திக்கொண்டவளும் அவள்தான். கஞ்சியை வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"ஏம்புள்ள, எங்க வூட்டு மனுசன் செத்தப்போ உங்கொம்மா வந்து யாருக்கு அழுதான்னு தெரியுமா? உங்கப்பனுக்கு. எம் மவன் செத்தப்பவும் உங்கப்பனுக்குத்தான். உங்கப்பன் எங்கியோ கெணறு வெட்டப் போன எடத்துல மண்ணு சரிஞ்சு செத்தான். அங்கியே பொதச்சிட்டு மூணாம் நாளு வந்து சொன்னாங்க. மொகத்தக்கூடப் பாக்காதவ. ஒவ்வொரு சாவுலயும் கெணறு, கெணறுன்னுதான் அழுவா. இந்த ஊருப் பொம்பளைங்க எல்லாருக்கும் அது தெரியும். ஒருத்தியாவது அவள எந்திரிச்சுப் போன்னு சொல்லியிருப்பமா?"

 அவள் போன பிறகு வாசலில் விரித்திருந்த பாயைச் சுருட்டி வைத்தேன். திரும்பக் கிடைக்கும் என்று எண்ணி அம்மா அழவில்லை. அவளுக்கு அழ ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை ஊர் அவளுக்கு இருபத்தைந்து வருஷம் கொடுத்தது. நான் ஊருக்கு ஒரு மணி நேரம் கொடுக்கவில்லை. அவளுக்கு அழ நாலு தெரு ஜனம் வந்து உட்கார்ந்திருந்தது. அத்தனை வாயையும் அடைத்து, ஒரு சொட்டு அழுகை இல்லாமல் அவளை மண்ணுக்குள் அனுப்பியது நான்தான்.