ஸ்பேர் டயர் காற்றும் சாம்பல் நிற விமானமும்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வாங்க செபராங் ஜெயாவில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் சின்னக் குழாயைப் பிடித்துக் கேக்கின் மேல் நீல நிறம் தெளித்துக்கொண்டிருந்தாள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெல்லிய சத்தம். என்னைக் கேட்காமலே என் ஆள்காட்டி விரல் மடங்கி, இல்லாத ஒரு பொத்தானை அழுத்தியது. கடைக்காரப் பெண் நிமிர்ந்து, “ஆன்ட்டி, ஓகேவா?” என்றாள். ரொம்பக் கிட்டே பிடிக்கிறாய், குளம் கட்டிவிடும் என்று வாய்வரை வந்தது. இந்த வயதில் அடக்கிக்கொள்ள முடிகிறது. இளம் வயதில் ஒரு நாள் முடியவில்லை.

எண்பதுகளில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் நாங்கள் மூன்று பேர்: அம்மா, அண்ணன், நான். எனக்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண். பாக்டரி பஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது சில நாள் தலைக்கு மேலே ஒரு விமானத்தின் வயிறு தெரியும். அதற்காகவே ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவேன். சின்னப் பிள்ளைத்தனம்தான், என்ன செய்வது.

அண்ணன் ஒரு நாள் டவுனில் பிளாஸ்டிக் விமான மாடல் ஒன்று வாங்கி வந்தான். பாதி ஒட்டினான். விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடியில் பசையை அப்பிவிட்டு, வெறுத்துப்போய் அலமாரிக்கு மேல் போட்டுவிட்டான். அதை எடுத்தவள் நான். பிறகு விடவே இல்லை. தூரிகையில் ஆரம்பித்து, காற்றின் வேகத்தில் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் வரைக்கும் போய்விட்டேன்.

ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று வேண்டுமே. அண்ணன் ஒரு ஸ்பேர் டயரை மோட்டார் சைக்கிளில் கட்டி, பெட்ரோல் நிலையத்தில் காற்றடித்து வருவான். டயர் தளர்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும்; தளர்ந்தால் பெயிண்ட் துப்பலாக விழும். அக்ரிலிக் பெயிண்ட் தண்ணீரில் கரையும், நெடி குறைவு. அதனால்தான் அம்மா சமையலறை ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார். ஆனால் நம் ஊர் வெக்கையில் அது ஏர்பிரஷ்ஷின் ஊசி முனையிலேயே காய்ந்துவிடும். நான் ஊசியைத் துடைத்துத் துடைத்து அடிப்பேன். அம்மா பருப்பைத் தாளித்துக்கொண்டே, “பாக்டரில கண்ணு போனது பத்தாதா?” என்பார். சீரகம் வெடிக்கும் வாசனையும் பெயிண்ட் வாசனையும் கலந்துதான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வருகிறது.

அப்போதுதான் அவர் பெண் பார்க்க வந்தார். செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. போட்டோவிலேயே எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் வம்பு. காலையிலேயே அம்மா சொல்லிவிட்டார். “விமானத்தப் பத்திக் கேட்டா அண்ணன் செஞ்சதுன்னு சொல்லிரு. பொம்பளப் புள்ள டயர வச்சுக்கிட்டு பெயிண்ட் அடிக்குதுன்னா யாரு கட்டுவா?”

தலையாட்டினேன். ஆனால் அண்ணனுடையது என்று சொல்லிப் போய்விட்டால், அந்த வீட்டில் ஏர்பிரஷ்ஷை எப்படித் தொடுவது? உண்மையைச் சொன்னால் அந்த வீடே இல்லாமல் போகலாம்.

அவரும் அவருடைய அத்தையும் வந்தார்கள். கோப்பி கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றேன். அவர் அலமாரியில் இருந்த சாம்பல் நிற விமானத்தைப் பார்த்து அண்ணனிடம் கேட்டார்.

“நீங்க செஞ்சதா? இவ்வளவு வழவழன்னு எப்படி அடிச்சீங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். “அது வந்து… நல்லா கெட்டியா ஒரே அடி.”

கெட்டியாக ஒரே அடியா! என்னால் தாங்க முடியவில்லை.

“கெட்டியா அடிச்சா ஒழுகிரும் லா. பால் மாதிரி கரைச்சு, மெல்லிசா அடிக்கணும். ஒண்ணு காஞ்ச பிறகுதான் அடுத்தது.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அத்தையின் கப் பாதி வழியில் நின்றது. அவர் மட்டும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, “ஊசி அடைச்சுக்கிட்டா?” என்றார். சொன்னேன். அவர் விடாமல் கேட்கக் கேட்க, டயர் விவகாரத்தையும் சொன்னேன். கோப்பி ஆறிப்போனது. கிளம்பும்போது அத்தை அம்மாவிடம், “பையன் இவ்வளவு பேசி நான் பாத்ததில்ல. வேறென்ன லா வேணும்” என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு டயர் தூக்கும் வேலை அவருடையதாயிற்று. பெயிண்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கிங் டேப்பை வெட்டுவதும் அவர்தான்; கோணலாகத்தான் வெட்டுவார், நான் திட்டுவேன். பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேப்பை வெட்டிக்கொண்டே சொன்னார்.

“அன்னிக்கு கோப்பி எடுக்கும்போதே எனக்குத் தெரியும். உன் நகத்துல சாம்பல் பெயிண்ட். உங்க அண்ணன் நகம் சுத்தமா இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் அவன்கிட்ட கேட்டீங்க?”

“உன்கிட்ட கேட்டா, வீட்டுல சொல்லிக் குடுத்ததத்தானே சொல்லியிருப்பே.”

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். “இந்த நீலத்துல என்ன கலந்தே?” என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்பார். கலந்துகொடுத்ததே அவராக இருக்கும். நான் பேச ஆரம்பித்ததும் நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

மாடல் வாங்கிய கடை இருந்த இடத்தில் இப்போது ஹோட்டல். அண்ணன் ஜொகூர் போய் வெகுகாலம். டயருக்கும் வேலையில்லை, மகள் சத்தமே போடாத கம்பிரசர் வாங்கித் தந்திருக்கிறாள். விருந்தாளிகள் வருகிறார்கள், அலமாரியைப் பார்த்து “அழகா இருக்கு” என்கிறார்கள், உட்காருகிறார்கள். அவர் தவறிப்போய் நாலு வருஷம். பதில் தெரிந்துகொண்டே என்னிடம் கேட்க, வீட்டில் இப்போது யாரும் இல்லை.