ஹோரஸ் இறுக்கிய வளையம்

எங்கள் பக்கத்து வீட்டு ஹோரஸ் டெபட் கல்யாணம் செய்துகொள்ளாதவர். இங்கே கவென்ட்ரியில் ஒரு கார் தொழிற்சாலையில் நாற்பது வருடம் ஃபிட்டராக இருந்தார். கை இரும்பு. என் வீட்டில் திறக்க முடியாத ஜாம் பாட்டில் எல்லாம் அவரிடம்தான் போகும். அவருக்கென்று இருந்த ஒரே உறவு, இரண்டு தெரு தள்ளி வசிக்கும் அண்ணன் சிரில். அவரோடு பதினோரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

அவர்கள் அப்பாவை அடக்கம் செய்த அன்று, எல்லோரும் தேநீரும் ஹாம் சாண்ட்விச்சுமாக நின்றபோது, "கடைசிவரைக்கும் அவரைப் பாத்துக்கிட்டது நான் ஒருத்தன்தான்" என்று ஹோரஸ் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். சிரில் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்தான். ஆனால் அப்பா 1958-இல் வாங்கிய பச்சைக் காரை இருவருக்கும் பொதுவாக விட்டுப் போயிருந்தார். ஒரு ஞாயிறு இவருக்கு, மறு ஞாயிறு அவருக்கு. கார் கொட்டகைக்கு ஆளுக்கொரு சாவி.

அந்தக் காரில் ஸ்டீயரிங் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதைத் தாங்கும் தண்டின் மேல் நீளவாக்கில் பள்ளங்கள். சக்கரத்தின் கழுத்துக்குள் அவற்றில் பொருந்தும் பற்கள். அதனால் எங்கே நகர்த்தினாலும் இரண்டும் சேர்ந்தே திரும்பும். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு வளையம் உண்டு. ஒரு பக்கம் திருகினால் பிடி தளரும், மறுபக்கம் திருகினால் கவ்விக்கொள்ளும். சிரில் நெட்டை, ஹோரஸ் குட்டை. அண்ணன் தள்ளி வைத்துவிட்டுப் போனதைத் தம்பி நான்கு விரற்கடை தன் பக்கம் இழுப்பார். "நெட்டக் கொக்கு! இவனுக்குக் கையா, துடுப்பா?" என்று அப்போது தவறாமல் திட்டுவார். பதினோரு வருடத்தில் அண்ணனோடு அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

ஒருமுறை பிரேக் போட்டபோது சக்கரம் முன்னால் நழுவி அவரைக் கதிகலங்க வைத்திருக்கிறது. அதிலிருந்து அந்த வளையத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்குவார்.

போன வசந்தத்தில் ஒரு ஞாயிறு, காரை எடுக்காமலேயே ஓடி வந்து வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டோரீன், சக்கரம் என் இடத்துலயே இருக்கும்மா. போன தடவையும் அப்படித்தான்."

"அதுக்கென்ன இப்போ?"

"ஓட்டி முடிச்சதும் எனக்காக இழுத்து வச்சிட்டுப் போயிருக்கான். அண்ணன் இறங்கி வர்றான்."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "எத்தனை மைல் ஓட்டியிருக்காரு, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மைல் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் மனிதர், அன்று சந்தோஷத்தில் மறந்திருக்கிறார். மறுபடி கொட்டகைக்குப் போய்த் திரும்பியபோது முகத்தில் ஈயாடவில்லை.

"நான் விட்ட நம்பர்லயேதான் நிக்குது. அவன் காரை எடுக்கவே இல்ல."

"அப்ப போய்க் கதவத் தட்டுங்க. ஆள் எப்படி இருக்காருன்னாவது பாருங்க."

"நான் போறதா?"

"பின்னே? எனக்கா அண்ணன்?"

போனார். நடந்ததை அவரேதான் பிறகு சொன்னார். கதவைத் திறந்த சிரில், உள்ளே வா என்று சொல்லவில்லை. அவர் விரல் மூட்டுகளெல்லாம் வீங்கிக் கோணியிருந்தன.

"காரை ஏன் எடுக்கல?"

"வந்தேன். ரெண்டு ஞாயிறும் வந்தேன். சக்கரம் நெஞ்சுல முட்டுது. உன் வளையத்தோட ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன், அசையல."

"யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

"யாரை?"

ஹோரஸ் படியிறங்கி வந்துவிட்டார். என் சமையலறையில் உட்கார்ந்து "யாரை?" என்ற அந்த ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போனது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டு கிழங்களையும் ஒரே அறையில் தள்ளிப் பூட்டினால் என்ன என்று தோன்றியது.

இப்போதெல்லாம் அண்ணனுடைய முறைக்கு முந்தைய சனிக்கிழமை ஹோரஸ் கொட்டகைக்குப் போகிறார். வளையத்தைத் தளர்த்தி, சக்கரத்தை நெட்டைக்காரருக்கு ஏற்றபடி தள்ளி, இறுக்கிவிட்டு வருகிறார். மறுநாள் பத்து மணிக்குப் பச்சைக் கார் எங்கள் தெரு வழியே போகும். ஹோரஸ் ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பார்.

போன வாரம் கேட்டேவிட்டேன். "பக்கத்து சீட்டு காலியாத்தானே போகுது? ஏறி உக்கார வேண்டியதுதானே?"

"அவன் கூப்பிடலையே, டோரீன்."

இவர் ஓட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த இருக்கை காலியாகத்தான் போகிறது.